நத்தார் இரவு விருந்துக்கு எதை வாங்குவது: ஷாம்பேனா, கிறேமானா?

வல்லைவெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பரிஸ் நகரின் வடக்குப் புறநகரில் வசிக்கிறோம். இந்த வருடம் நத்தார் இரவு விருந்து முதன்முறையாக எங்கள் வீட்டில் நடக்கவிருக்கிறது. மகன் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் மணம் முடித்திருக்கிறான். ஆகவே எங்கள் உறவினர்களோடு சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். மொத்தம் 18 பேர். அவர்களில் வைன் அருந்துவோர் 12 பேர். மாலைத் திருப்பலி முடிந்து ஒன்பது மணியளவில் எல்லோரும் வந்து சேர்வார்கள். முதலில் மீன் கட்லட், றோல்ஸ், இறால் வடை ஆகியவற்றைப் பரிமாறி, பிறகு ஆட்டிறைச்சிக் கறியோடு இரவுணவு கொடுத்து, நள்ளிரவில் வாழ்த்துச் சொல்லிக் கிண்ணம் உயர்த்திவிட்டு, கடைசியாகச் சம்பந்தியம்மா செய்துகொண்டு வரும் கஷ்கொட்டைக் கிறீம் வைத்த, விறகுக்கட்டை வடிவப் பூஷ் கேக்கை வெட்டுவது என்று ஒழுங்கு செய்திருக்கிறோம். இரவுணவுக்கான சிவப்பு வைனை மகன் வாங்குகிறான். ஸ்பார்க்ளிங் வைன் எங்கள் பொறுப்பு.

சுப்பர்மார்க்கெட்டில் அந்தத் தட்டின் முன் நின்று பார்த்தால் நாலு யூரோவிலிருந்து அறுபது யூரோவரை போத்தல்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் தங்க நிறத் தாள், எல்லாவற்றிலும் கம்பி கட்டிய தக்கை. சம்பந்தி வீட்டார் முன்னால் ஷாம்பேன் அல்லாத ஒன்றை வைத்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று என் கணவர் உறுதியாகச் சொல்கிறார். எங்களிடம் இருப்பது 130 யூரோ. அதற்குள் மிக மலிவான ஷாம்பேனாகவே எல்லாவற்றையும் வாங்குவது நல்லதா, அல்லது வேறு வழி உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். வீடு குடிபுகுந்தபோது அன்பளிப்பாகக் கிடைத்த ஒரு ஷாம்பேன் போத்தல் பல வருடங்களாகச் சமையலறை அலுமாரியின் மேல் நிற்கிறது. அதை அன்று திறக்கலாமா?

நிலவறை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் றான்ஸ் நகரில் ஒரு வைன் கடையில் வேலை செய்கிறேன். டிசம்பர் மாதத்தில் எங்கள் கடையில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மரியாதை பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். ஷாம்பேன் பிரதேசத்துக்கு வெளியே, பிரான்சின் பிற பிரதேசங்களில் செய்யப்படும் ஸ்பார்க்ளிங் வைனான கிறேமானைப் பிரெஞ்சுக் குடும்பங்கள் தங்கள் வீட்டு விருந்துகளில் தயக்கமின்றி ஊற்றிக் குடிக்கிறார்கள். இருபது யூரோவுக்குக் கீழே விற்கப்படும் பல ஷாம்பேன்களைவிடப் பத்து யூரோ பெறுமதியான ஒரு நல்ல கிறேமான் சுவையில் மேலானது. இதை ஷாம்பேன் பிரதேசத்தில் வாழ்ந்துகொண்டே சொல்கிறேன். கிறேமானும் ஷாம்பேனைப் போலவே தயாரிக்கப்படுகிறது: திராட்சையைக் கையால் பறித்து, முழுக் குலைகளாகவே பிழிந்து, முதலில் சாதாரண வைனாக்கி, பிறகு போத்தலில் சீனியும் ஈஸ்டும் சேர்த்து மூடி, உள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க விடுகிறார்கள். அந்த நொதிப்பில் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி வைனுக்குள் கரைவதால்தான் குமிழிகள் வருகின்றன. மடிந்த ஈஸ்டின் வண்டலோடு வைன் எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவுக்குப் பாண், பட்டர், பாதாம் போன்ற வாசனைகள் அதில் ஏறும். கிறேமானுக்கு வண்டலோடு குறைந்தது 9 மாதங்கள் என்பது விதி. சாதாரண ஷாம்பேனுக்கு வண்டலோடு 12 மாதங்கள் உட்பட, போத்தலில் அடைத்ததிலிருந்து மொத்தம் 15 மாதங்கள். முகப்பில் அறுவடை வருடம் குறிப்பிட்ட ஷாம்பேனுக்கு மூன்று வருடங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் இந்த எல்லைகளைத் தாண்டியே வைத்திருப்பார்கள். மிக மலிவான ஷாம்பேன் பெரும்பாலும் விதி சொல்லும் காலத்தோடு வெளியே வந்துவிடும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அங்கே பெயருக்குத்தான் போகிறது.

நாலு யூரோப் போத்தல்களை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் பல பெரிய தொட்டிகளில் அவசரமாக நுரைக்க வைக்கப்பட்டவை. முகப்புத் தாளில் ‘காசெய்ஃபியே’ என்ற சொல் இருந்தால், சோடாவுக்குச் செய்வதுபோல் வாயுவை வெளியிலிருந்து செலுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். கிண்ணத்தில் ஊற்றிய சில நிமிடங்களில் அதன் நுரை அடங்கிவிடும்.

அடுத்ததாக நீங்கள் பார்க்க வேண்டியது இனிப்பின் அளவு. கடையில் பலர் தயாரிப்பாளரின் பெயரை மட்டும் பார்த்து எடுத்துச் செல்கிறார்கள். விருந்தில் வைன் ருசிக்கிறதா இல்லையா என்பதை அந்தப் பெயரை விடவும் இனிப்பே தீர்மானிக்கிறது. புறூட் என்றால் லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவான சீனி. எக்ஸ்ட்ரா புறூட் என்றால் 6 கிராம் வரை. புறூட் நாத்யூர் என்பதில் பின்னர் சீனியே சேர்ப்பதில்லை. இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. எக்ஸ்ட்ரா ட்ரை என்பது பெயருக்கு மாறாகப் புறூட்டை விடவும் இனிப்பானது, 12 முதல் 17 கிராம். டெமி-செக் 32 முதல் 50 கிராம். உங்கள் கட்லட், றோல்ஸ், வடை எல்லாம் எண்ணெயில் பொரித்தவை. பொரித்த பண்டத்துக்குப் புறூட்டைப் போல் பொருந்தும் வைன் வேறு இல்லை என்பது என் திடமான கருத்து; அதன் புளிப்பும் குமிழியும் எண்ணெய்ப் பசையை நாக்கிலிருந்து கழுவி, அடுத்த கடிக்கு வாயைத் தயார் செய்கின்றன. அதே புறூட்டை கேக்கோடு கொடுத்தால், கேக்கின் இனிப்புக்கு முன்னால் வைன் வெறும் புளிநீராகத் தெரியும். நல்ல ஷாம்பேனைக் கேக் வெட்டும் நேரத்துக்கென்று ஒதுக்கி வீணாக்கும் குடும்பங்களை வருடந்தோறும் பார்க்கிறேன். மனது வலிக்கிறது.

ஆகவே நான் சொல்லும் திட்டம் இது. ஒரு 750 மில்லிலீற்றர் போத்தலில் ஆறு கிண்ணங்கள் வரும். தொடக்கத்தில் 12 பேருக்கு இரண்டு கிண்ணங்கள் என்றால் நாலு போத்தல் கிறேமான் புறூட் போதும். லுவார், பூர்கோங், அல்சாஸ் என எந்தப் பிரதேசத்துக் கிறேமானானாலும் ஒன்பது, பத்து யூரோவில் நல்லது கிடைக்கும். நள்ளிரவுக்கு இரண்டு போத்தல் உண்மையான ஷாம்பேன். அதைப் பெரிய நிறுவனத்தின் மலிவுப் பிரிவில் தேடாமல், தானே திராட்சை பயிரிட்டுத் தானே வைன் செய்யும் ஒரு விவசாயியிடமிருந்து வாங்குங்கள். முகப்புத் தாளின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு இலக்கமும் அதற்கு முன்னால் இரண்டு எழுத்துகளும் இருக்கும். ஆர்.எம். என்றால் அப்படிப்பட்ட விவசாயி, என்.எம். என்றால் திராட்சையை வெளியிலிருந்து வாங்கிச் செய்யும் நிறுவனம், உலகப் புகழ்பெற்ற பெயர்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்; சி.எம். என்றால் கூட்டுறவுச் சங்கம், எம்.ஏ. என்றால் யாரோ செய்த வைனுக்கு வாங்குபவர் தன் பெயரை ஒட்டியிருக்கிறார். ஆர்.எம். ஷாம்பேன் 25 யூரோவிலிருந்து 30 யூரோவுக்குள் நன்றாகவே கிடைக்கிறது. ஷாம்பேன் பிரதேசத்தில் அவீஸ், கிறமான் (இது ஊர்ப் பெயர், கிறேமான் அல்ல) போன்ற கோத் தே பிளான் கிராமங்களில் சார்டொனே திராட்சை. அதிலிருந்து வருவது மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருக்கும். பூசி, அம்பொனே பக்கம் பினோ நுவார் என்ற திராட்சை. அது கனமானது, உணவுக்கு ஈடுகொடுக்கும். ஆட்டுக்கறி சாப்பிட்ட வாய்க்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கேக்குக்கு இரண்டு போத்தல் கிளேரெத் தே தீ (‘தீ’ என்பது ஊர்ப் பெயர்) என்ற ஸ்பார்க்ளிங் வைன். துறோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் மஸ்கட் திராட்சையில் செய்வது; இயற்கையான இனிப்பு, மதுச்செறிவு 7 முதல் 9 சதவீதம்தான். கஷ்கொட்டைக் கிறீமோடு மிக நன்றாகச் சேரும். அதே ஊரில் கிறேமான் தே தீ என்றும் ஒன்று உண்டு. அது இனிப்பற்றது, மாறி வாங்கிவிடாதீர்கள். மொத்தச் செலவு 110 முதல் 120 யூரோவுக்குள் அடங்கும்.

அலுமாரியின் மேல் நிற்கும் போத்தலை விருந்தினர் முன் திறக்க வேண்டாம். வருடம் குறிப்பிடாத ஷாம்பேன் கடைக்கு வரும்போதே குடிப்பதற்குத் தயாரானது. அடுப்பின் சூட்டிலும் வெளிச்சத்திலும் வருடக்கணக்கில் நின்றது பெரும்பாலும் நிறம் கறுத்து, அடிபட்ட அப்பிள் வாசனை அடித்து, குமிழி ஓய்ந்திருக்கும். முந்தைய வாரத்தில் நீங்கள் இருவரும் திறந்து ருசித்துப் பாருங்கள்.

புதுவை_ஸ்திராஸ்பூர் எழுதியது:

நிலவறை அவர்களின் பதிலை மிகவும் ரசித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். நான் புதுச்சேரியில் பிறந்து, ஸ்திராஸ்பூரில் நீண்ட காலமாக வசிப்பவன். இங்கே கிறிஸ்துமஸ் விருந்தில் தொடக்கம் முதல் நள்ளிரவு வரை கிரேமான் தால்சாஸ், அதாவது எங்கள் அல்சாஸ் பிரதேசக் கிரேமான் ஒன்றையே ஊற்றுவது வழக்கம். அதில் குறை என்று யாரும் நினைப்பதில்லை. நள்ளிரவுக்கு மட்டும் ஷாம்பேன் என்று வைத்தால், அதற்கு முன் ஊற்றியது இரண்டாம் தரம் என்று நாமே விருந்தினருக்குச் சொல்லிவிடுவது போல் ஆகிவிடாதா? ஷாம்பேனுக்குப் போகும் அந்த அறுபது யூரோவையும் சேர்த்து, பன்னிரண்டு, பதினைந்து யூரோ விலையுள்ள மேல்தரக் கிரேமானாக எல்லாவற்றையும் வாங்கினால் விருந்து முழுவதும் ஒரே தரத்தில் நடக்கும்.

அல்சாஸ் கிரேமான் பெரும்பாலும் பினோ பிளான், ஒசெருவா திராட்சைகளில் செய்யப்படுகிறது. சிலர் ரீஸ்லிங் சேர்க்கிறார்கள், அது எலுமிச்சை போன்ற கூர்மையைத் தரும். ரோஸே, அதாவது இளஞ்சிவப்புக் கிரேமான் என்றால் அல்சாஸில் பினோ நுவார் மட்டும்தான். வல்லைவெளி அம்மா, உங்கள் விருந்தில் இறால் வடையும் மீன் கட்லெட்டும் இருப்பதால் ஒரு போத்தலாவது ரோஸே வாங்கிப் பாருங்கள். மசாலா போட்ட மீனுக்கு வெள்ளையை விட அது நெருக்கமாகப் பொருந்துவதை எங்கள் வீட்டு மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன். நிறமும் அந்த இரவுக்கு அழகாக இருக்கும்.

பனங்கூடல் எழுதியது:

இத்தாலியில் பலெர்மோவிலிருந்து எழுதுகிறேன். இதுவரை யாரும் உறைப்பைப் பற்றிப் பேசவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் றோல்ஸும் கட்லட்டும் வெறும் பொரித்த பண்டங்கள் அல்ல. பச்சை மிளகாயும் மிளகும் சேர்ந்தவை. உறைப்பான வாய்க்கு மதுச்செறிவும் குமிழியும் எரிவைக் கூட்டும், சிறிதளவு இனிப்பு அதைத் தணிக்கும். அதனால்தான் நாங்கள் இங்கே இத்தகைய பலகாரங்களோடு இத்தாலிய ஸ்பார்க்ளிங் வைனான ப்ரோசெக்கோவில் எக்ஸ்ட்ரா ட்ரை வகையை ஊற்றுகிறோம். கிளேரா என்ற திராட்சை குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ப்ரோசெக்கோவின் விதி. அதைப் போத்தலில் அன்றி அழுத்தம் தாங்கும் எஃகுத் தொட்டியில் நுரைக்க வைக்கிறார்கள். தொட்டி என்றவுடன் மட்டமானது என்று எண்ணிவிடக் கூடாது. பேரிக்காய், அப்பிள், வெள்ளைப் பூ போன்ற இளம் வாசனைகள் கெடாமல் இருப்பதற்குத் தெரிந்தே தேர்ந்த வழி அது. கொனெலியானோ, வால்தொப்பியாதெனே என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் முகப்பில் இருந்தால் வடகிழக்கு இத்தாலியின் வெனேத்தோ பிரதேசத்துச் செங்குத்தான குன்றுகளில் விளைந்தது என்று பொருள்; 2019-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த குன்றுகள் அவை. 2009 முதல் அந்தப் பகுதி வைனுக்கு இத்தாலியின் மிக உயர்ந்த தரவகையான டி.ஓ.சி.ஜி. தகுதி உண்டு. பரிசிலும் பத்துப் பன்னிரண்டு யூரோவுக்குக் கிடைக்கும் என்று அங்குள்ள உறவினர்கள் சொல்கிறார்கள்.

நிலவறை எழுதியது:

பனங்கூடல் அண்ணா சொல்வது சரியான திருத்தம். உறைப்பை நான் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. நாலு கிறேமானில் இரண்டைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டு ப்ரோசெக்கோ எக்ஸ்ட்ரா ட்ரை வைத்தால், உறைப்புப் பழகாத சம்பந்தி வீட்டாருக்கு அது உதவியாக இருக்கும். எக்ஸ்ட்ரா ட்ரையை றோல்ஸோடும், புறூட்டை வடையோடும் மீனோடும் கொடுங்கள்.

புதுவை நண்பரோடு ஷாம்பேன் விஷயத்தில் நான் உடன்படவில்லை. ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட வைன்களை வரிசையாகக் கொடுப்பது பிரெஞ்சு மேசையின் இயல்பு. மெல்லியதில் தொடங்கிக் கனமானதுக்குப் போவதை யாரும் தரக்குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. அதோடு, வருடத்தில் ஒரு தடவை கூடும் இரண்டு குடும்பங்களுக்கு, ஒரு விவசாயக் குடும்பம் தன் நிலத்தில் விளைவித்துத் தன் நிலவறையில் வைத்திருந்த ஷாம்பேனில் ஒரு கிண்ணமாவது கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஒரு நாலாயிரம் கிலோ திராட்சையிலிருந்து 2,550 லீற்றர் சாறுக்கு மேல் ஷாம்பேனுக்காக எடுக்கக் கூடாது என்று விதி வைத்து, மீதியை விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நல்ல ஒரு போத்தலில் அந்த உழைப்பு தெரியும். ரோஸே பற்றிய அவருடைய ஆலோசனையை மட்டும் அப்படியே ஏற்கிறேன்; இரண்டு கிறேமானில் ஒன்று ரோஸேயாக இருக்கட்டும்.

வல்லைவெளி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், ஆர்.எம். என்ற எழுத்துகளைத் தேடிப் பார்க்க அவரே கடைக்குப் புறப்பட்டுவிட்டார். இரண்டு ப்ரோசெக்கோ, ஒரு வெள்ளைக் கிறேமான், ஒரு ரோஸே, இரண்டு ஷாம்பேன், இரண்டு கிளேரெத் என்று முடிவு செய்திருக்கிறோம். அலுமாரிப் போத்தலையும் திறந்தோம். நிலவறைத் தம்பி எழுதியபடியே அப்பிள் வாசனையும் பழுப்பு நிறமுமாக இருந்தது.

இன்னும் சில சந்தேகங்கள். அன்று குளிர்சாதனப் பெட்டி முழுவதும் சாப்பாட்டுப் பாத்திரங்களால் நிறைந்திருக்கும். எட்டுப் போத்தல்களை எப்படிக் குளிர வைப்பது? எங்களிடம் ஒடுக்கமான உயரக் கிண்ணங்கள் ஆறுதான் உண்டு. புதிதாக வாங்க வேண்டுமா? போத்தலைத் திறப்பதற்கு எனக்கு உண்மையில் பயம், தக்கை யாருடைய கண்ணிலாவது பட்டுவிடும் என்று. வைன் அருந்தாத ஆறு பேரில் நாலு பேர் சிறுவர்கள். கிண்ணம் உயர்த்தும்போது அவர்கள் கையிலும் ஏதாவது இருக்க வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

சிறுவர்களுக்கு மது சேராத, குமிழி உள்ள திராட்சைச் சாறு பிரெஞ்சுக் கடைகளில் வைன் போத்தல் வடிவிலேயே விற்கிறது. போத்தல் ஒன்றுபோல் தோன்றும் என்பதால் அதை வேறு மேசையில், வேறு நிறக் கிண்ணங்களோடு வையுங்கள். கார் ஓட்டிப் போக இருப்பவர்களுக்கும் அதையே கொடுப்பது நல்லது. பிரான்சில் லீற்றர் இரத்தத்துக்கு அனுமதி 0.5 கிராமுக்குக் குறைவு. புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கு 0.2 தான், அதாவது ஒரு கிண்ணமே அவர்களுக்கு அதிகம்.

நிலவறை எழுதியது:

அக்கா, குளிர வைப்பதற்கு உங்கள் பல்கனியே போதும். டிசம்பர் இரவில் பரிசின் வெளிக்குளிர் ஏறக்குறைய நமக்கு வேண்டிய அளவில்தான் இருக்கும். பிற்பகலிலேயே போத்தல்களைப் பெட்டியோடு வெளியே வையுங்கள். கடும் உறைபனி என்று அறிவித்தால் மட்டும் உள்ளே எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் 8 முதல் 10 பாகை வரை இருப்பது நல்லது. அதைவிடக் குளிர்ந்தால் வாசனை வெளிவராது, சூடானால் நுரை பொங்கி வழியும். அவசரமானால் ஒரு வாளியில் பாதி ஐஸும் பாதித் தண்ணீரும் நிரப்பி, போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். அரை மணி நேரத்தில் தயாராகிவிடும். வெறும் ஐஸில் வைத்தால் போத்தலின் எல்லாப் பக்கமும் குளிர் சேராமல் நேரம் கூடும். உறைபெட்டியில் வைத்து மறந்துவிட்டால் போத்தல் வெடிக்கலாம்.

உயரக் கிண்ணம் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். வயிறு சற்று அகன்று வாய் ஒடுங்கிய சாதாரண வெள்ளை வைன் கிண்ணத்தில் வாசனை இன்னும் நன்றாக வரும். நான் வீட்டில் அதில்தான் குடிக்கிறேன். அகலத் தட்டுப் போன்ற பழங்காலக் கிண்ணத்தில் மட்டும் குமிழி சீக்கிரம் போய்விடும். கிண்ணங்களை வெந்நீரில் நன்றாக அலசி, வாசனையற்ற துணியால் துடைத்து வையுங்கள். சவர்க்காரம் சிறிது ஒட்டியிருந்தாலும் எவ்வளவு நல்ல வைனிலும் நுரை நிற்காது.

திறப்பதைப் பற்றிய பயம் நியாயமானது. போத்தலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் ரயரின் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் நன்கு குளிர்ந்த, குலுக்காத போத்தல் அடங்கியே இருக்கும். தங்கத் தாளை உரித்ததும் ஒரு துணியைத் தக்கையின் மேல் போட்டு, அந்த நிமிடத்திலிருந்து கட்டைவிரலைத் தக்கையின் தலையிலிருந்து எடுக்காதீர்கள். கம்பியைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். கம்பியோடு சேர்த்தே தக்கையைப் பிடிப்பது பாதுகாப்பானது. போத்தலை ஆட்கள் இல்லாத பக்கமாகச் சாய்த்து, தக்கையை அசையாமல் இறுகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் போத்தலின் அடியை மெதுவாகத் திருப்புங்கள். தக்கை தானாக மேலே எழும்பப் பார்க்கும். அதை எதிர்த்து அழுத்தியபடியே விட்டுக்கொடுத்தால், வெடிச்சத்தம் இல்லாமல் ஒரு சிறு பெருமூச்சுச் சத்தத்தோடு வெளிவரும். முதலில் ஒவ்வொரு கிண்ணத்திலும் இரண்டு விரலளவு ஊற்றி, நுரை அடங்கியபின் நிரப்புங்கள். இரண்டு ஷாம்பேனையும் ஒன்றாகத் திறக்காமல், முதலாவது தீரும் தறுவாயில் இரண்டாவதைத் திறந்தால், கடைசியாகக் கிண்ணம் வாங்குபவருக்கும் குமிழி குறையாது.